தோற்று வந்த பிள்ளையிடம் என்ன கேட்பது? தருமபுரி, கிருஷ்ணகிரி மைதானங்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளி திறந்த சில வாரங்களில் குறுவட்டப் போட்டிகள் தொடங்கிவிடும். அதில் ஜெயித்தவர்கள் மாவட்டத்துக்குப் போவார்கள், மாவட்டத்தில் ஜெயித்தவர்கள் மாநிலத்துக்குப் போவார்கள். எட்டுப் பேர் ஓடும் பந்தயத்தில் ஏழு பேர் தோற்றுத்தான் வீட்டுக்கு வருகிறார்கள். அந்த ஏழு பேரோடு பேச வேண்டியவர்களுக்கானது இந்தக் கட்டுரை: முதல் முறையாகப் பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பும் பெற்றோர், புதிதாகப் பொறுப்பேற்ற உடற்கல்வி ஆசிரியர், ஊர் கபடிக் குழுவில் சின்னப் பையன்களைப் பழக்கும் அண்ணன்மார்.

தோல்விதான் நல்ல வாத்தியார் என்று சொல்வது வழக்கம். ஆனால் தோல்வி தானாக எதையும் கற்றுத்தராது. நடந்ததைப் பிரித்துப் பார்க்க யாராவது கூட உட்காரவில்லை என்றால், பிள்ளை தானே ஒரு முடிவுக்கு வந்துவிடும். ஒன்று, ‘எனக்கு இதெல்லாம் வராது.’ இல்லையென்றால், ‘அம்பயர் ஏமாத்திட்டாரு.’ இரண்டில் எதை நம்பினாலும் மறுநாள் மைதானத்தில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. எனவே உங்கள் வேலை ஆறுதல் சொல்வதோடு முடிவதில்லை. அந்தத் தோல்வியை எண்ணிக் காட்டக்கூடிய ஒரே ஒரு தவறாகச் சுருக்கி, அந்த ஒன்றை இரண்டு வாரத்தில் திருத்திக் காட்ட வேண்டும்.

இதற்கு வேண்டிய சாமான் கொஞ்சம்தான்: 40 பக்க நோட்டு ஒன்று, நேரம் பார்க்க ஒரு போன், பள்ளியில் இருக்கும் டேப், கோடு போடச் சுண்ணாம்பு அல்லது கோலப்பொடி.

முதல் அரை மணி நேரம்

பந்தயம் முடிந்ததும் பிள்ளையை உடனே உட்கார வைக்காதீர்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். தண்ணீர் கொடுங்கள், வேர்த்த பனியனை மாற்றச் சொல்லுங்கள். பிறகு உடம்பைக் கேளுங்கள்: “கால் எங்கயாச்சும் பிடிக்குதா கண்ணு? முட்டி வலிக்குதா?” இந்த நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். அழுதால் அழட்டும். ‘ஆம்பளப் பையன் அழலாமா’ என்று அடக்கினால் அடுத்த முறை அழாது, ஆனால் உங்களிடம் எதையும் சொல்லவும் சொல்லாது. கூட வந்த பிள்ளைகள் யாராவது அழுகிற முகத்தைப் போனில் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கப் பார்த்தால் உடனே தடுத்துவிடுங்கள். தோற்றது ஒரு வாரத்தில் ஆறிவிடும், அந்தப் படம் வருடக்கணக்கில் சுற்றும்.

தீர்ப்பு தவறு என்று தோன்றினால் அதற்கு ஒழுங்கான வழி இருக்கிறது. தடகளத்தில் முடிவை அறிவித்த 30 நிமிடத்துக்குள் ஆட்சேபணையை நடுவரிடம் கொண்டுபோக வேண்டும். அதை ஆசிரியர் செய்யட்டும். பெற்றோர் மைதானத்துக்குள் இறங்கிக் கத்தினால் முடிவு மாறுவதில்லை. தோற்றால் அடுத்தவர் மேல் பழி போடலாம் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்கிறது.

இன்னொன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். தோற்ற அணியை மைதானத்தைப் பத்துச் சுற்று ஓட விடுவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. இதைக் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். ஓட்டப் பயிற்சியையே தண்டனையாக்கினால் பிள்ளைக்கு ஓட்டத்தின் மேல் வெறுப்பு வரும். அதைவிட மோசம், தவறு வெளியே தெரியக்கூடாது என்று ஆபத்தான ஆட்டத்தையே தவிர்க்கத் தொடங்கும். பாடிப் போன பையன் கோட்டை ஒட்டியே நின்று திரும்பி வருவது பெரும்பாலும் இந்தப் பயத்தால்தான்.

வீடு திரும்பும் பேருந்தில்

பஸ்ஸில் ஆராய்ச்சி வேண்டாம். மைதானத்திலிருந்து கிளம்பும் முன்பே ஏதாவது சாப்பிட வையுங்கள். வாழைப்பழமும் வேர்க்கடலை உருண்டையும் போதும், உப்புப் போட்ட மோர் கிடைத்தால் இன்னும் நல்லது. பசியும் களைப்பும் இருக்கும்போது எந்தத் தோல்வியும் இரண்டு மடங்காகத் தெரியும். பிள்ளையே பேச்சை எடுத்தால் கேளுங்கள், திருத்தாதீர்கள். எடுக்கவில்லையா, ஜன்னல் ஓரம் உட்கார வைத்து விட்டுவிடுங்கள். பெரிய வீரர்களின் கதைகளை அன்றைக்கு எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் அவை காதில் ஏறாது.

மறுநாள் மாலை, நோட்டோடு

ஒரு ராத்திரி தூங்கி எழுந்த பிறகு, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ உட்காருங்கள். ரொம்பத் தள்ளிப் போட்டால் விவரங்கள் மறந்து, ‘மோசமா ஓடினேன்’ என்ற ஒரே வரிதான் மிஞ்சும். இருபது நிமிடம் போதும்.

ஆட்டத்தைப் பற்றிக் கேட்கும் முன் நான்கு விஷயங்களை எழுதச் சொல்லுங்கள்: முந்தின இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், காலையில் என்ன சாப்பாடு, எத்தனை மணிக்குக் கிளம்பியது, காலில் என்ன போட்டிருந்தது. நம் பக்கத்தில் இந்த நான்கை விட்டுவிட்டுத் திறமையைக் குறை சொல்வது பெரிய தவறு. அஞ்செட்டியிலிருந்து கிருஷ்ணகிரிக்கோ, சித்தேரி மலையிலிருந்து தருமபுரிக்கோ மாவட்டப் போட்டிக்கு வருகிற பிள்ளை விடியும் முன்பே கிளம்ப வேண்டும். வயிற்றில் டீயும் பன்னும் மட்டும் இருக்க, பாதித் தூரம் நின்றுகொண்டே வந்து, பதினொரு மணி வெயிலில் 800 மீட்டர் ஓடினால் கால் கனக்காமல் என்ன செய்யும்? இங்கே திருத்த வேண்டியது ஓட்டத்தை இல்லை, காலை வேளையைத்தான். முந்தின நாளே கேழ்வரகுக் களியோ சோறோ வயிறார இரவுச் சாப்பாடு, பந்தயத்துக்கு இரண்டரை மூன்று மணி நேரத்துக்கு முன் நான்கு இட்லி, கையில் தண்ணீர் பாட்டில். முடிந்தால் முந்தின இரவே நகரத்தில் உறவுக்காரர் வீட்டில் தங்க வைக்கலாம்.

செருப்பும் தரையும் அப்படித்தான். மண் தரையில் வெறுங்காலோடு கபடி ஆடிப் பழகிய பையன், போட்டியில் முதல்முறையாக மேட் மேல் ஷூ போட்டு நின்றால், திரும்பும் இடத்தில் கால் அவன் நினைத்ததுபோல் சறுக்காது, பிடித்துக்கொள்ளும். திரும்புவதில் ஒரு நொடி தாமதம் ஆனாலே கார்னர் ஆட்டக்காரர் காலைப் பிடித்துவிடுவார். இதைப் பையனிடம் சொல்லிவிடுங்கள், அவன் சுமந்துகொண்டிருக்கும் பாதிப் பாரம் இறங்கும்.

இந்த நான்கும் சரியாக இருந்தால்தான் ஆட்டத்துக்கு வர வேண்டும். ‘ஏன் தோத்த?’ என்று கேட்காதீர்கள். ‘ஏன்’ என்று கேட்டால் பிள்ளை சாக்கு தேடும், இல்லையென்றால் தலை குனியும். ‘எப்போ, எங்கே, எத்தனை’ என்று கேட்டால் நினைவுபடுத்திப் பார்க்கும். “எந்த ரவுண்டுல கால் கனத்துச்சு?” “எத்தனாவது ரைடுல பிடிச்சாங்க, எந்தப் பக்கம்?” “பலகையைத் தாண்டி எவ்வளவு தூரம் கால் போச்சு?” ஒவ்வொரு பதிலும் ஓர் எண்ணாகவோ இடமாகவோ இருக்கட்டும்.

800 மீட்டர்: முதல் சுற்றிலேயே தோற்ற பந்தயம்

பள்ளி மைதானத்தில் 200 மீட்டர் பாதை என்றால் நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரு பதினான்கு வயதுப் பெண்ணின் நோட்டில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 34, 39, 44, 43. மொத்தம் 160 நொடி, அதாவது 2 நிமிடம் 40 நொடி. ‘கடைசியில மூச்சு வாங்கிருச்சு’ என்று அவள் சொல்வாள், பார்த்தவர்களும் ‘ஸ்டாமினா பத்தாது’ என்பார்கள். நோட்டு சொல்வது வேறு. முதல் சுற்றை 34-ல் ஓடியதற்கான விலையை மூன்றாவது சுற்றில் 44 ஆகக் கொடுத்திருக்கிறாள். 38, 40, 40, 40 என்று ஓடினால் மொத்தம் 158. மூச்சு கூடாமலே இரண்டு நொடி குறைகிறது.

திருத்தம்: வாரத்தில் இரண்டு நாள், 200 மீட்டரை 39 நொடியில் ஆறு முறை, இடையில் ஒன்றரை நிமிட நடை. வேகமாக ஓடினாலும் அது தவறுதான் என்று முன்பே சொல்லிவிடுங்கள். 36-ல் வந்தால் கைதட்டக் கூடாது. முதல் நாள் 35, 41, 37 என்று அலைபாயும். ஐந்தாறு நாளில் கடிகாரம் பார்க்காமலே 38, 39, 39 என்று காலுக்குள் வேகம் வந்துவிடும். ஒரு சுற்று முடிந்ததும் நீங்கள் சொல்லும் முன் ‘எவ்வளவு வந்திருக்கும்?’ என்று அவளையே ஊகிக்கச் சொல்லுங்கள். இந்த ஊகம் சரியாக வரத் தொடங்கும் நாளில்தான் கற்றுக்கொண்டாள் என்று அர்த்தம்.

நீளம் தாண்டுதல்: மூன்று பவுல்

இந்த மாவட்டங்களில் பள்ளிப் போட்டிகளில் பிள்ளைகள் மனம் உடையும் இடம் இதுதான். மூன்று முயற்சி, மூன்றிலும் எழும்பும் பலகையைக் கால் தாண்டியதால் சிவப்புக் கொடி, பெயருக்கு எதிரே ஓர் அளவுகூட இல்லை. பார்த்தவர்கள் கொடுக்கும் அறிவுரையும் எப்போதும் ஒன்றுதான்: “பலகையப் பாத்துக் குதி.” இதுதான் கெடுதல். கீழே பார்த்தால் கடைசி மூன்று அடிகள் குறுகும், வேகம் சாகும்.

சரியாகக் கண்டுபிடிக்க ஒரு மாலை வேண்டும். பிள்ளையைக் குதிக்க விடாமல், முழு ஓட்டம் மட்டும் பத்து முறை ஓடிப் பலகையைக் கடக்கச் சொல்லுங்கள். நீங்கள் பலகைக்குப் பக்கவாட்டில் குனிந்து உட்கார்ந்து, எழும்பும் காலின் நுனி விழும் இடத்தில் ஒரு குச்சியை நடுங்கள். ஒவ்வொரு முறையும் கோட்டிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதுங்கள். தாண்டியிருந்தால் கூட்டல், முன்பே விழுந்தால் கழித்தல்.

எண்கள் 9, 15, 12, 10, 14 என்று ஒரே இடத்தில் கூடினால் மகிழுங்கள். ஓட்டம் சரி, ஆரம்பக் குறி மட்டும்தான் தப்பு. குறியை சுமார் 15 சென்டிமீட்டர் பின்னால் நகர்த்தினால் முடிந்தது. கூட்டல் 20, கழித்தல் 25, கூட்டல் 5, கழித்தல் 30 என்று சிதறினால் குறியை எங்கே நகர்த்தினாலும் பயனில்லை. தவறு கடைசி அடியில் இல்லை, முதல் மூன்று நான்கு அடிகளில் இருக்கிறது. ஒரு முறை நின்ற இடத்திலிருந்து, ஒரு முறை இரண்டு எட்டு நடந்து, ஒரு முறை துள்ளிக் கிளம்புகிறது பிள்ளை. தினமும் ஒரே கால் குறி மேல், அசையாமல் நின்று, அப்படியே கிளம்ப வேண்டும். நான்காவது அடி விழும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டு, கால் அதில் விழுகிறதா என்று ஒரு தோழனைப் பார்க்க விடுங்கள். நான்காவது அடி ஒரு பாத அகலத்துக்குள் நின்றால் பலகையிலும் சிதறல் குறைந்துவிடும்.

பயிற்சியில் எல்லாம் சரி, போட்டியில் மட்டும் பவுல் என்றால், படபடப்பில் வேகம் கூடி அடிகள் நீளுகின்றன. பின்னாலிருந்து காற்று அடித்தாலும், மண்ணில் பழகிவிட்டு சிந்தெடிக் பாதையில் ஓடினாலும் இதேதான். போட்டியன்று அழைப்பு வருவதற்கு முன் இரண்டு முறை வெறும் ஓட்டம் ஓடிப் பார்க்கட்டும். முதல் முயற்சிக்குக் குறியை ஒரு பாதம் பின்னால் வைக்கட்டும். முதல் தாண்டல் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, அளவு என்று ஒன்று பதிய வேண்டும். போட்டியாளர் அதிகமிருந்தால் மூன்று முயற்சிக்குப் பிறகு முதல் எட்டுப் பேருக்குத்தான் மேலும் மூன்று வாய்ப்பு.

கபடி: எத்தனாவது ரைடு?

பாடிப் போகிறவருக்கு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: ரைடு எண், என்ன ஆனது, எந்தப் பக்கம், யார் பிடித்தது. ஒரு மாற்று ஆட்டக்காரரை எல்லைக்கு வெளியே உட்கார வைத்து எழுதச் சொன்னால் அவருக்கும் ஆட்டம் புரியும். மூன்று ஆட்டங்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் ஏதாவது ஒன்று திரும்பத் திரும்ப வரும். மூன்றாவது ரைடு விதி வைத்து ஆடும் போட்டிகளில் அடிக்கடி தெரிவது இது: முதல் இரண்டு ரைடும் வெறும் கையோடு திரும்பல், மூன்றாவதில் பிடிபடல். பிடிபட்டது மூன்றாவதில், தவறு இரண்டாவதில். ரைடில் கட்டாயம் கடக்க வேண்டிய பாக் கோட்டை மட்டும் தாண்டிவிட்டு முப்பது நொடியை ஓட்டியதால், மூன்றாவதில் கட்டாயம் புள்ளி எடுக்க வேண்டிய நிலையில் எதிரணி காத்திருந்து பிடிக்கிறது. எதிரே ஆறு பேருக்குக் குறையாமல் நின்றால் இரண்டாவது ரைடிலேயே போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டப் பழக்குங்கள். ஒரு பயிற்சியில் இருபது முறை, அதில் பத்து இடது பக்கம், பத்து வலது பக்கம். பிடிக்கிறவர்களும் உண்மையாகவே பிடிக்க வேண்டும், சும்மா நிற்கக் கூடாது.

ரிலேயில் பேட்டன் விழுந்தால் கொடுத்தவரையோ வாங்கியவரையோ தனியாகத் திட்டாதீர்கள், அது இரண்டு பேரின் தவறு. 4x100-ல் மாற்றும் பகுதி 30 மீட்டர். கணக்கு பேட்டனுக்குத்தான், ஓடுபவரின் உடம்புக்கு இல்லை. வாங்குபவர் நிற்கும் இடத்திலிருந்து பின்னால் 18 முதல் 22 பாதம் எண்ணி ஒரு குறி போடுங்கள். கொடுப்பவர் அந்தக் குறியைத் தாண்டியதும் இவர் கிளம்ப வேண்டும். எட்ட முடியாமல் போனால் குறியை இரண்டு பாதம் குறையுங்கள், முட்டிக்கொண்டால் இரண்டு பாதம் கூட்டுங்கள்.

ஒரே ஒரு திருத்தம்

நோட்டில் ஐந்து தவறு தெரியும். ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். எதை எடுப்பது என்பதைப் பிள்ளையே சொல்லட்டும், நீங்கள் இரண்டு மூன்றாகக் குறைத்துக் கொடுத்தால் போதும். தானே தேர்ந்தெடுத்ததைத்தான் விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து வந்து செய்யும். பயிற்சியின் கடினத்தைப் பத்துக்கு ஆறு ஏழு சரியாக வரும்படி வையுங்கள். பத்தும் சரியாக வந்தால் புதிதாக ஒன்றும் கற்கவில்லை. இரண்டு மூன்றுதான் வருகிறதென்றால் கொஞ்சம் எளிதாக்குங்கள், இல்லாவிட்டால் தோல்வியைத்தான் தினமும் பழக்குகிறீர்கள். பாராட்டும்போதும் குறிப்பாகச் சொல்லுங்கள். ‘சூப்பர்டா’ என்பதில் அவனுக்கு ஒன்றும் கிடைக்காது. ‘நாலாவது அடி இன்னைக்கு எட்டு தடவை கோட்டுல விழுந்துச்சு’ என்றால் நாளைக்கும் அதையே செய்வான்.

இரண்டாவது வாரத்தில் படபடப்பையும் சேர்த்துப் பழக்குங்கள். மற்ற பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்து, பெயர் கூப்பிட்டு, விசில் ஊதி, ஒரே ஒரு முயற்சி மட்டும் கொடுங்கள். பக்கத்து ஊர்க் குழுவோடு ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆட்டம் வைத்தால் இன்னும் நல்லது. தனியாகப் பத்துக்கு எட்டு வருவது கூட்டத்தின் முன் பத்துக்கு ஐந்தாகக் குறையும். இது இயல்பு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிள்ளை பயப்படாது.

இப்போது பெரிய வீரர்களைப் பற்றிப் பேசலாம். பக்கத்து சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2015-ல் ரஞ்சி ஆட்டத்துக்கு வந்ததும் பந்துவீச்சு முறையில் சந்தேகம் எழுப்பப்பட்டது. கையின் அசைவை மாற்றிப் பழகித் திரும்பி வந்தார், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். பளுதூக்குதலில் மீராபாய் சானுவுக்கு 2016 ரியோவில் கிளீன் அண்ட் ஜெர்க்கின் மூன்று முயற்சியும் தவறி, மொத்த எடையே பதியவில்லை. டோக்கியோவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். இதைச் சொல்லும்போது ‘விடாமுயற்சி’ என்று முடித்துவிடாதீர்கள். “இவங்க எதை மாத்தினாங்க தெரியுமா?” என்று கேளுங்கள். மூன்று பவுல் வாங்கிய பிள்ளைக்கு மீராபாயின் மூன்று முயற்சிகள் நன்றாகவே புரியும்.

பட்டியலில் பெயர் இல்லாதபோது

விளையாட்டு விடுதித் தேர்வு, மாவட்ட அணித் தேர்வு ஆகியவற்றில் பெயர் வராதது, களத்தில் தோற்பதைவிட அதிகம் வலிக்கும். காரணம் யாரும் சொல்வதில்லை. மரியாதையாகக் கேட்டு, ஓட்ட நேரம், தாண்டிய தூரம், மதிப்பெண் என்று கிடைப்பதை எழுதி வாங்குங்கள். எதுவும் கிடைக்காவிட்டால், தேர்வில் வைத்த அதே சோதனைகளை நீங்களே மைதானத்தில் வைத்து இன்றைய அளவைப் பதிவு செய்யுங்கள். அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருப்பதால் சர்டிபிகேட் மேல் குடும்பத்துக்கு ஆசை இருப்பது நியாயம்தான். ஆனால் பதிமூன்று வயதுப் பிள்ளையின் ஒவ்வொரு போட்டியையும் வேலையோடு முடிச்சுப் போட்டால், அது ஓடும்போது குடும்பத்தையே முதுகில் தூக்கிக்கொண்டு ஓடும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பையன் தோற்றால் ‘அடுத்த வருசம் பாத்துக்கலாம்’ என்கிற வீடு, பெண் தோற்றால் ‘போதும்மா, படிக்கிற வழியப் பாரு’ என்கிறது. அவளுக்கு ஒரு தோல்வி விளையாட்டையே முடித்துவிடக்கூடும் என்று தெரிவதால், அவள் தோல்வியை மறைக்கிறாள். ஆசிரியரும் அண்ணன்மாரும் வீட்டுக்குப் போய், நோட்டில் உள்ள எண்களைக் காட்டிப் பேசுங்கள். 160 நொடி 158 ஆனதை அப்பா தன் கண்ணால் பார்த்தால் பேச்சு மாறும். சீக்கிரம் களைத்துப்போகிற பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவும் பார்த்துவிடுங்கள். ரத்தசோகையைப் பயிற்சிக் குறைபாடு என்று நினைத்து இன்னும் ஓட விடுவது பாவம்.

சில நேரம் விஷயம் விளையாட்டைத் தாண்டிவிடும். இரண்டு வாரமாகியும் சரியாகச் சாப்பாடு, தூக்கம் இல்லை, பள்ளிக்குப் போக மறுக்கிறது, ‘நான் இருந்து என்ன பிரயோசனம்’ என்ற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால் நோட்டை மூடிவிடுங்கள். பிள்ளையைத் தனியாக விடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணிலும் 104 எண்ணிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அடுத்த போட்டிக்குப் போகும்போது இலக்கு, நோட்டில் திருத்திய அந்த ஒன்றாக இருக்கட்டும்: முதல் சுற்று 38, முதல் தாண்டல் பவுல் ஆகக் கூடாது, இரண்டாவது ரைடில் ஒரு போனஸ் முயற்சி. பந்தயம் முடிந்ததும் முதலில் அதைக் கேளுங்கள், எத்தனாவது இடம் என்பதைப் பிறகு கேட்கலாம். நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, எழும்பும் கால் இடதா வலதா, ஆரம்பக் குறி எத்தனை மீட்டர் என்று எழுதி வையுங்கள். ஆசிரியர் இடமாறிப் போனாலும், பிள்ளை பதினொன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளி போனாலும், புதிதாக வருகிறவர் கையில் முதல் நாளே அந்த நோட்டைக் கொடுக்கலாம்.